கூடையில் ஏறிய காய்ச்சல்

பன்றிக்குத் தெர்மாமீட்டர் வைக்கும் உத்தியோகத்தில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு: சிபாரிசு பிடித்துக்கொண்டு யாரும் நம் நாற்காலிக்குப் போட்டிக்கு வரமாட்டார்கள்.

வியட்நாம் குடியரசு என்று ஒன்று இருந்த நாட்களில், சைகோன் நகரத்தின் ஓரத்தில் ஒரு கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு அந்த நாற்காலி கிடைத்தது. கூடத்தின் பெயர் வேண்டாம். அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வாசனையே போதும். நான் காரைக்கால்காரி. அப்பா பிரெஞ்சுக்காரன் காலத்தில் சுங்க இலாகா குமாஸ்தாவாக வந்தவர். அவர் போன பிறகு நானும் அம்மாவும் கான் ஹொய் துறைமுகத்துக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். சொன்னால் கேட்காத ஜீவன்களை மேய்த்துக்கொண்டு, சொன்னால் புரியாத அதிகாரிக்குப் பதில் சொல்லும் வேலையில் யாரெல்லாம் இருந்திருக்கிறீர்களோ, கோழிப்பண்ணைக்காரரோ ஒன்றாம் வகுப்பு வாத்தியாரோ, எல்லோரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பக்கத்து இடம் காலி

எங்கள் தலைவர் டாக்டர் ஹியன். பாரிஸில் படித்தவர், பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து போட்டவர். முதலாளியைப் பிரெஞ்சில் பத்ரோன் என்போம், அவரையும் அப்படித்தான் கூப்பிட்டோம். கால்நடை உதவியாளர் படிப்பை முடித்த கையோடு நான் அவர் முன்னால் போய் நின்றபோது, "பன்றி என்றால் உங்களுக்கு அருவருப்பு இல்லையே, மத்மசேல்?" என்று கேட்டார். "கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் பார்த்துப் பழக்கம்தான், பத்ரோன். ஆனால் தட்டில்" என்றேன். சிரிக்காமல் வேலை கொடுத்தார். சிரிக்கத் தெரியாதவர் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளிலேயே அது சரிதான் என்று தெரிந்தது.

வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் பெஞ்சில் எனக்கு இரண்டு பக்கமும் தாராளமாக இடம் கிடைத்தது. கூட்டம் முண்டியடிக்கும் ஈஸ்டரன்றுகூட நான் கையை நீட்டி உட்காரலாம். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா சொன்னாள்: "நீ குளிச்சிட்டுதான் வந்தேங்கிறதை நான் நம்புறேன்டி. ஆனா நற்கருணை குடுக்கையில சாமியாரே மூச்சைப் புடிச்சிக்கிறாரே, அவருக்கு யாரு சொல்றது?"

சவாரி

எங்கள் கூடத்தில் பன்றிக் கொள்ளைநோய்க்கு ஒரு தடுப்பு மருந்து செய்திருந்தோம். ஊசி போட்ட பன்றிக்கு அந்த நோய் வராது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஊசியே வேறு காய்ச்சலைக் கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்காக ஒரு கூட்டத்துக்கு ஊசி போடுவோம், இன்னொரு கூட்டத்துக்குப் போடமாட்டோம். இரண்டு கூட்டத்துக்கும் தினமும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்போம். ஊசி போட்டவற்றைத் தனியாக வைக்க வேண்டும் என்பது பாரிஸ் சட்டம். ஆகவே அவை வளாகத்தின் கடைசியில், தென்னை மரங்களுக்கு அப்பால் ஒரு கொட்டகையில் இருந்தன. போடாதவை பத்ரோனின் ஓடு பதித்த வெள்ளை அறைக்கு அடுத்த கொட்டகையிலேயே இருந்தன.

பத்ரோன் கொட்டகைக்குள் கால் வைக்கமாட்டார். பன்றிதான் வெள்ளை அறைக்கு வர வேண்டும். பக்கத்துக் கொட்டகைப் பன்றி நாலு எட்டு நடந்து வந்துவிடும். தூரத்துக் கொட்டகைப் பன்றிக்கு, அந்த ஊரில் பன்றியைச் சந்தைக்குக் கொண்டுபோகும் அதே ஏற்பாடு: மூங்கிலால் பின்னிய நீளக் குழாய்க் கூடை. மேல்தாடையில் கயிற்றுச் சுருக்கைப் போட்டு, காதைப் பிடித்து இழுத்து, கூடைக்குள் தலைகுப்புறத் திணித்து, கழியில் கோத்து வெயிலில் இரண்டு பேர் தூக்கி வருவார்கள். அலறல் பெரிய சாலை வரைக்கும் கேட்கும். இந்தப் படையின் தளபதி அன் தாம். தாம் என்றால் எட்டு. அங்கே பிறந்த வரிசையையே பெயராகச் சொல்லிக் கூப்பிடுவார்கள், இவர் எட்டாம் அண்ணன். பன்றித் தரகரிடம் வளர்ந்த பலசாலி. நான் சேர்ந்த புதிதில் அலறலைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டபோது அவர் ஆறுதல் சொன்னார் (என் பெயர் மரி, அவர்கள் பேச்சில் கோ என்றால் மிஸ்): "கவலைப்படாதீங்க கோ மரி, அது பாடுது."

ஹாய் அம்மாள் கேட்ட கேள்வி

ஊசி போட்ட பன்றிகளுக்குக் காய்ச்சல் அடித்தது. முதல் கூட்டத்துக்கும் அடித்தது, இரண்டாவது கூட்டத்துக்கும் அடித்தது. போடாதவை சுகமாக இருந்தன. அமைச்சகத்திலிருந்து சேதி வந்தது: இன்னொரு தரம் இப்படி நடந்தால் மருந்தையும் எங்கள் பிரிவையும் சேர்த்து மூடிவிடுவார்களாம். பன்றிகள் கசாப்புக்கு, நானும் அன் தாமும் தெருவுக்கு. பத்ரோனின் முகம் எப்போதுமே சிரிக்காது, இப்போது சாப்பிடவும் மறந்துவிட்டது.

எங்களைவிட அதிகமாகக் கவலைப்பட்டவள் ஒருத்தி இருந்தாள். ஹாய் அம்மாள் என்று பெயர், பின் யுவோங் என்கிற மாகாணத்துக்காரி. வீட்டுக்குப் பின்னால் வளர்த்த பன்றிகளைக் கொள்ளைநோய்க்கு ஒரேயடியாகப் பறிகொடுத்தவள். அவளுக்குப் பன்றிதான் பாங்கி, பன்றிதான் மகளுடைய கல்யாணம். மறுபடி குட்டி வாங்குவதற்கு முன்னால் ஊசி மருந்து வேண்டும் என்று, பஸ் பிடித்து வந்து எங்கள் கேட்டில் நின்றுவிடுவாள். பல தரம் வந்துவிட்டாள். "மருந்து கொஞ்சம் சரியில்லை அம்மா, பன்றிக்குக் காய்ச்சல் வருது" என்று நான் மென்று விழுங்கினேன். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கூடைச் சவாரியின் அலறல் வந்தது. ஹாய் அம்மாள் தன் கூம்பு ஓலைத் தொப்பியின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்தக் கத்து கத்துறது ஊசி போட்டதுக்கா, இல்ல உங்க ஆளுங்களைப் பார்த்தா?"

கூடைக்குள் போகாத மகாராணி

அந்தக் கேள்வி என்னை இரவு முழுக்கக் குடைந்தது என்றெல்லாம் கதை விடமாட்டேன். கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாளே ஒரு பெட்டைப் பன்றி அதற்குப் பதில் சொல்லிவிட்டது. அழுக்கு வெள்ளை, முதுகில் கறுப்புத் திட்டு, இடுப்போ எங்கள் கூடையின் வாயைவிட ஒரு சுற்று அதிகம். அன் தாம் தலையைத் திணித்தார், தள்ளினார், வியட்நாமியில் இருக்கிற வசவையெல்லாம் சொன்னார். கூடைதான் பிளந்தது. வேறு கூடை கொண்டுவருகிறேன் என்று அவர் போய்விட்டார்.

நான் கொட்டகையிலேயே குந்தினேன். மூச்சிரைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றவளிடம், பேச்சுத்துணைக்கு வேறு யாருமில்லாததால், நம் ஊர்ப் பேச்சிலேயே பேச்சுக் கொடுத்தேன். "வாடி ராசாத்தி, யாரு உன்னை அடிச்சா?" என்று சொல்லி வாழைத்தண்டை நறுக்கிப் போட்டேன். வெகுநேரம் கழித்து வந்தாள். காதுக்குப் பின்னால் சொறிந்தேன், வயிற்றில் சொறிந்தேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நின்ற நிலையிலேயே வாலைத் தூக்கி வைக்க வேண்டிய இடத்தில் தெர்மாமீட்டரை வைத்தேன். சென்டிகிரேடில் முப்பத்தொன்பதுக்குப் பக்கத்தில். ஒரு பன்றிக்கு இதைவிட நல்ல சுகம் கிடையாது. பிறகு பெரிய கூடை வந்தது, மகாராணி அலறிக்கொண்டு வெயிலில் பவனி போனாள். வெள்ளை அறையில் அதே தெர்மாமீட்டர், அதே பன்றி, நாற்பதைத் தாண்டிவிட்டது.

மருந்தில் குற்றமில்லை! காய்ச்சல் கூடையில் ஏறுகிறது! ஓடிப்போய் பத்ரோனிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதில் சொன்னார்: "மத்மசேல், கொட்டகையில் எடுப்பது விஞ்ஞானமில்லை. அது நலம் விசாரிப்பு."

பத்ரோனுக்கும் காய்ச்சல்

அந்த வாரத்துக்குள்ளேயே தெய்வம் என் பக்கம் திரும்பியது. வெள்ளை அறையின் வாசலில் கூடை அவிழ்ந்து ஒரு பன்றி தப்பியது. எதிரே நின்றது பத்ரோன். பன்றி அவருடைய கால்களுக்கு நடுவே புகுந்து முற்றத்துக்கு ஓடியது. உச்சி வெயில், தரை தோசைக்கல். பத்ரோன் கோட்டும் சப்பாத்துமாகத் துரத்தினார். தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்று, ஜீப்பை ஒரு சுற்று. கடைசியில் பன்றி தானாகவே அலுத்துப்போய் நிழலில் படுத்தது. பத்ரோன் பக்கத்திலிருந்த படிக்கட்டில் உட்கார்ந்தார்.

நான் முதலுதவிப் பெட்டியிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்து அவர் வாயில் செருகிவிட்டேன். மனிதர் வாய்க்கென்று இருந்த தெர்மாமீட்டர்தான், சந்தேகப்படாதீர்கள். அவர் இருந்த இருப்பில் மறுக்கவும் தெம்பில்லை. எடுத்துப் பார்த்தால் பாதரசம் சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. "பத்ரோன், உங்களுக்கு நாங்கள் ஊசி எதுவும் போடவில்லையே?" என்றேன்.

அவர் தெர்மாமீட்டரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிழலில் படுத்திருந்த பன்றியைப் பார்த்தார். பிறகு, நான் அவரிடம் கேட்டதிலேயே இனிமையான வார்த்தைகளைச் சொன்னார். அடுத்த கூட்டத்தில் இரண்டு கொட்டகைக்கும் அந்தந்த இடத்திலேயே தெர்மாமீட்டர் வைக்கலாம். ஆனால் பிடிக்கக் கூடாது, கட்டக் கூடாது, பன்றி ஒரு குரல் கத்தினாலும் அந்தக் கணக்குச் செல்லாது. அதிலும் காய்ச்சல் வந்தால் எல்லாவற்றையும் மூடிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் தலையை ஆட்டினேன். அன் தாமுக்கு மட்டும் இன்னும் சந்தேகம் தீரவில்லை. என் காதருகே வந்து கேட்டார்: "கோ மரி, பத்ரோனையும் கூடையில வச்சு ஒரு சுத்துத் தூக்கிட்டு வந்து பார்ப்போமா? இன்னும் கொஞ்சம் ஏறும்."

மரச்செருப்பு

புதுக் குட்டிகள் வந்தன. அவற்றைப் பழக்க வேண்டும். பிடிக்காமல் பன்றியா என்று அன் தாமுக்குச் சிரிப்பு. கொட்டகைக்குள் முக்காலி போட்டுச் சும்மா உட்காருங்கள், அதுதான் வேலை என்றேன். வாழ்க்கையில் அவருக்கு யாரும் இவ்வளவு கஷ்டமான வேலை கொடுத்ததில்லை. காலை ஆட்டுவார், சிகரெட் தேடுவார், அப்புறம் எழுந்து நின்றுவிடுவார். குட்டிகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. தலைக்கு மேல் ஹெலிகாப்டர் கூரையை உரசுகிற மாதிரி போகும், குட்டிகள் தவிட்டிலிருந்து மூக்கை எடுக்காது. ஆனால் அன் தாம் கொட்டகை வாசலுக்கு வருவதற்குள் எல்லாம் மூலையில் குவிந்துவிடும். அவருடைய மரச்செருப்புத்தான் காரணம். அந்தச் சத்தத்தோடு சுருக்குக் கயிறும் வரும் என்று வண்டியிலிருந்து அவர் சுருக்குப் போட்டு இறக்கிய முதல் நாளே கற்றுக்கொண்டுவிட்டன. செருப்பைக் கழற்றச் சொன்னேன். வெறுங்காலோடு, கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு போய் உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் அவர் நுழைந்தால் காலைச் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தன. இடம் மாற்ற வேண்டுமானால் காதைப் பிடிப்பதில்லை, ஒரு பலகையைப் பக்கத்தில் காட்டினால் போதும், திரும்பி நடக்கும். பன்றிகளோடு அவரும் என் தமிழைப் பிடித்துக்கொண்டார். "வாதி ராசாத்தி" என்று வியட்நாமிய ராகத்தில் அவர் கூப்பிடுவதைக் கேட்கக் காரைக்காலே வந்திருக்க வேண்டும். ஒருநாள் செருப்பைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என் மாமியாரும் இந்தச் சத்தம் கேட்டதும் சோத்துப் பானையை மூடிடுறாங்க. இப்பத்தான் புரியுது."

புத்தாண்டு வெடி

எல்லாம் கூடிவரும்போதுதானே இடி இறங்கும்! அமைச்சகத்து டாக்டர் சோதிக்க வரும் நாள், அவர்கள் புத்தாண்டான தெத்துக்கு அடுத்து என்று முடிவானது. அதாவது ஊசி போட்டுக் காய்ச்சல் பார்க்கும் நாட்களில் சைகோன் முழுக்கச் சரவெடி. பன்றி மிரண்டால் காய்ச்சல் கோடு ஏறும். எங்கள் மருந்து, அன் தாமின் பிள்ளைகளுடைய சோறு, ஹாய் அம்மாளின் பன்றி எல்லாம் ஒரு கட்டுப் பட்டாசில் போய்விடும்.

அன் தாமும் நானும் ஒரு வழி செய்தோம். தீனி வைக்கும் நேரத்தில் அவர் மண்ணெண்ணெய் டின்னை மெதுவாகத் தட்டுவார். நாள் போகப் போகப் பலமாகத் தட்டுவார். பிறகு தூரத்தில் ஓர் ஓலைவெடி, அப்புறம் கிட்டத்தில் ஒன்று. சத்தம் கேட்டதும் தொட்டியில் தவிடு விழும். பக்கத்து ஆபீஸ்காரர்கள் எங்களுக்குப் பைத்தியம் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

இதற்கு நடுவே அன் தாம் இன்னொரு காரியமும் செய்தார். தெத்துக் காலையில் முதலில் வாசல் மிதிப்பவருடைய ராசிதான் அந்த இடத்துக்கு வருஷம் முழுவதும் என்பது அவர்கள் நம்பிக்கை. கொட்டகை வாசலை மிதிக்க அவர் தேர்ந்தெடுத்தது என் அம்மாவை. அம்மாவின் வயதைக் கேட்டு விரல்விட்டுக் கணக்குப் போட்டு (அங்கே வருஷத்துக்கு ஒரு மிருகத்தின் பெயர்), அவள் பிறந்தது பன்றி வருஷம், இதைவிட ராசி கிடையாது என்று சொல்லிவிட்டார். "என்னைப் பாத்தா பன்னி வருஷமாம்ல!" என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் அவர் நல்ல சட்டை போட்டு, ஆரஞ்சுக் கூடையோடு எங்கள் சந்துக்கே வந்து குனிந்து அழைத்ததும் மனசு இளகிவிட்டது.

புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, வாசலில் வைத்திருந்த கிருமிநாசினித் தண்ணீரில் கால் நனைத்து, அம்மா கொட்டகை வாசலை மிதித்தாள். அந்த நொடியே சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு முழுச் சரத்தைப் பற்றவைத்தார்கள். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பன்றிகள் எல்லாம் ஒரே பாய்ச்சலாகத் தொட்டிக்கு ஓடி, வரிசையாக நின்று, எங்கே தவிடு என்று எங்களைப் பார்த்தன! அன் தாம் டின்னைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆடினார். தின்று அடங்கியதும் தெர்மாமீட்டர் வைத்தேன். ஒன்றுக்குக்கூடக் காய்ச்சல் இல்லை. அம்மா நெஞ்சில் கை வைத்தபடி சொன்னாள்: "ஏண்டி, வெடி போட்டா நம்ம ஊர்ல நாயி கட்டிலுக்கு அடியில பூந்துக்கும். இதுங்க என்னடான்னா கல்யாண வீடு மாதிரி பந்திக்கு முந்துதுங்களே!"

பஞ்சு வைத்த காது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்து பாஸாகிவிட்டது. முதல் பெட்டிகள் பின் யுவோங்குக்குப் போனபோது அங்கே வரிசையில் முதல் ஆளாக நின்ற ஹாய் அம்மாள், தன் குட்டிகளை மடியில் வைத்து ஊசி போட்டுக்கொண்டு போனாள். ஆனால் பாஸான அழகைச் சொல்லாமல் பேனாவைக் கீழே வைக்கமாட்டேன்.

அமைச்சகத்து டாக்டர் முன்பு வந்தபோதெல்லாம் கூடைச் சவாரியைக் கேட்டு நொந்தவர். இந்தத் தடவை முன்யோசனையாக இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு வந்திருந்தார். வெள்ளை அறையில் உட்கார்ந்து, "எப்போது கொண்டுவருவீர்கள்?" என்று சத்தமாகக் கேட்டார். பத்ரோன் அலமாரியைத் திறந்தார். இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ், புத்தம் புதிது. ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டு, மற்றதை விருந்தாளியின் முன்னால் வைத்தார். "பன்றி வராது, டாக்டர். நாம்தான் போக வேண்டும்" என்றார். அவர் அதைச் சொன்ன தோரணையில், அந்த யோசனை பிறந்ததே அவர் தலையில்தான் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். போகட்டும், எனக்கு அன்றைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

விருந்தாளி சொந்தத் தெர்மாமீட்டரோடு வந்திருந்தார். இரண்டு கொட்டகையிலும் தான் கை காட்டிய பன்றிதான் என்று நிபந்தனை போட்டார். அன் தாம் வெறுங்காலோடு முன்னால் போய், தமிழில் கூப்பிட்டார். கை காட்டிய பன்றி வந்தது. கிழங்கைக் கடித்துக்கொண்டு நின்றது. டாக்டர் தெர்மாமீட்டரை வைத்தார், எடுத்தார், எழுதினார், அடுத்ததைக் காட்டினார். பத்ரோனின் கழுத்தில் வேர்வை ஓடியது. நான் மாதாவுக்கு நேர்ந்துகொண்ட மெழுகுவர்த்திகளை இன்னும் கொளுத்தித் தீர்க்கவில்லை. முதல் கொட்டகை முடிந்தது, கடைசிக் கொட்டகையும் முடிந்தது. கடைசிப் பன்றி அவருடைய பூட்ஸில் முழு உடம்பையும் சாய்த்து, சொறிந்துவிடு என்று உறுமியது. அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் சொறிந்துவிட்டார்.

வெளியே வந்து எழுதியதை மேலும் கீழுமாகப் படித்தார். மறுபடி படித்தார். அவர் ஒரு காதின் பஞ்சை எடுத்தார், மற்ற காதின் பஞ்சையும் எடுத்தார். இரண்டு கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏதோ தன் தப்பு மாதிரி தயங்கிக் கேட்டார்: "இதிலே எது ஊசி போட்டது, எது போடாதது? எனக்குத் தெரியலை, யாராவது சொல்லுங்களேன்!"

பன்றி நம்மைப் பார்த்து ஓடினால் காய்ச்சல், நின்றால் விஞ்ஞானம், இதைக் கண்டுபிடிக்கத்தான் எங்கள் அத்தனை பேருக்கும் அரசாங்கம் மாதாமாதம் சம்பளம் கொடுத்தது.